பதினொரு நிமிடம்

முதல் குளிர்காலம் முழுக்கத் தப்பான கேள்வி கேட்டேன்:
இங்கே முடிவெடுப்பது யார்?
குவோபியோ நகராட்சியின்
பனி வழிக்கும் வண்டிக் கொட்டகையில்
ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார்,
இன்னொருவர் பலகையைக் காட்டினார்.
பலகையில் போன மாதத்துப் பட்டியல்.

அடுத்த குளிர்காலம் கேட்பதை விட்டேன்.
விடியுமுன் நாலே முக்காலுக்குப் போய்
டயர் அடுக்கின் ஓரம் நின்றேன்.
பேனா உறைந்துவிடும், பென்சில்தான்.
இருநூற்றுப் பதினான்கு காலைகள்.

இரவுக்காரர்கள் இறங்குவார்கள்.
பகல்காரர்கள் ஏறுவார்கள்.
நடுவே பதினொரு நிமிடம்,
ஒரு காபிக் குடுவை,
வேலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

தைஸ்தோவுக்கு மருமகன்தான் பேச்சு.
கையில் காசில்லாதவன் படகு வாங்கியிருக்கிறான்,
அதுவும் நவம்பரில்,
ஏரி இறுகிக்கொண்டிருக்கும்போது.
சொல்லிக்கொண்டே வந்து,
கோப்பையைக் கவிழ்க்கும்போது,
"ஆஸ்பத்திரி மேட்டில் அடியில் கண்ணாடி" என்பார்.
மறுபடி படகு.

எய்லா தலைகூட ஆட்டமாட்டாள்.
வெளியே போய்
அரை டன் மணலைக் கூடுதலாக ஏற்றிக்கொள்வாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான்.
இதை எழுத ஆறு வருஷம் ஆனது.

பனி பெய்யாத நிறுவனங்களில் இது செல்லுமா
என்று கேட்டார் பெயர் தெரியாத ஒரு மதிப்பாளர்.
பதினான்கு பக்கம் பதில் எழுதினேன்.
இரண்டாம் திருத்தத்தில் மருமகன் போனான்.
மூன்றாவதில் காபி போனது.
நான்காவதில் தைஸ்தோ
தகவலாளர் ஏழு ஆனார்.
ஐந்தாவதில், தலைப்பிலிருந்து
பனியே உருகிப்போனது.
மிஞ்சியது ஒரு கலைச்சொல்:
'சொல்லாக் கைமாற்றம்.'

அதற்குள் என் பல்கலைக்கழக மின்னஞ்சல்
மூன்று முறை செத்துப் பிழைத்தது,
ஒப்பந்தம் முடிந்து ஒப்பந்தம் தொடங்கும்போதெல்லாம்.
யோவ்கோ வாசாவில் வேலை பார்த்தான்.
ஞாயிறு மாலை ரயில்நிலையத்தில்
நாங்களும் அதிகம் பேசியதில்லை.
அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

கட்டுரை வெளிவந்தது.
மேற்கோள்கள் வந்தன, முதலில் சொட்டாக, பிறகு தாரையாக.
லிஸ்பனில் ஒரு மாநாட்டில்
முன்பின் தெரியாத ஒருவர்
என் சொல்லை எனக்கே விளக்கினார்.
நன்றாகத்தான் விளக்கினார்.

போன மார்ச்சில் எய்லா கூப்பிட்டாள்.
நகராட்சி ஆலோசனைக்காரர்களை வரவழைத்ததாம்.
திரையில் என் பெயர் ஓடியதாம்.
சொல்லாமலே கைமாறும் என்று
ஆய்வே நிரூபித்திருக்கிறது,
பிறகு எதற்கு இந்தப் பதினொரு நிமிடம்?
முப்பத்தாறு பேர், வருஷத்துக்கு இத்தனை மணி,
இத்தனை யூரோ.
இப்போது இரவுக்காரர்கள் பின்வாசல் வழியே போகிறார்கள்.
பகல்காரர்களுக்கு ஒரு பலகைக்கணினி.

"மேட்டில் யாராவது விழுந்தார்களா?"
"ஒரு நர்ஸ். மணிக்கட்டு."
கொஞ்சம் நிறுத்தி,
"தைஸ்தோ ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்" என்றாள்.
குரலில் கோபமில்லை.
இருந்திருக்கலாம்.

இன்றிரவு நிரந்தரப் பதவிக்கான படிவம்.
பன்னிரண்டாம் பெட்டி:
உங்கள் ஆய்வு நடைமுறை எதையாவது மாற்றியதா?
குறைந்தது இருநூற்றைம்பது சொற்கள்.

துறைத்தலைவர் கெர்த்து
தோளைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்:
"உனக்கென்ன, நகராட்சியே சாட்சி.
கடிதம் ஒன்று வாங்கி இணைத்துவிடு."
கடிதம் வந்திருக்கிறது. முத்திரையோடு.
மிச்சமான தொகையைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

'ஆம்' என்று தட்டினேன்.

பெட்டி சிவந்தது.
இன்னும் இருநூற்று நாற்பத்தொன்பது சொற்கள் தேவை.

ஜன்னலுக்குக் கீழே ஒரு வண்டி
தெருவை வழித்துக்கொண்டு போகிறது.
யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியவில்லை.
திருப்பத்தில் வேகம் குறையவில்லை.

கடிதத்தை இணைக்காமல் எழுதத் தொடங்கினேன்:
தைஸ்தோ என்பவரின் மருமகன்
கையில் காசில்லாமல், நவம்பரில்,
ஒரு படகு வாங்கினான்.